நெய் தங்காத கைகள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவன் என் தம்பி மாசிலாமணி. எந்த மருத்துவரும் சொல்லவில்லை, எந்தப் பாடநூலிலும் நான் படிக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ்வழி வகுப்புகளில் உயிரியல் நடத்திய எனக்கு, பத்தாம் வகுப்பில் உயிரியலில் மட்டும் தேறாத அவன், என் சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, சர்க்கரை போடாத காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, நாம ஒண்ணும் இனிப்பத் தின்னு கெடல. நெய்க்குத் தங்க எடமில்லாமக் கெட்டுப்போனோம். அப்பா குடுத்தது." நான் அடுப்பை அணைக்காமல் திரும்பிப் பார்த்தேன். தந்தை எங்களுக்குக் கொடுத்தவை பொன்மலை இரயில்வே குடியிருப்பில் வாழ்ந்த வாழ்வும், கண்டிப்பும், படிப்பும் மட்டுமே என்று அதுவரை எண்ணியிருந்தேன். "உனக்கு மட்டும் வரல. உனக்குத்தான் எடம் தாராளமா இருக்கே," என்று என் தோளைப் பார்த்துச் சிரித்தான். போடா என்றேன். அந்தப் பேச்சுத்தான் இன்று என்னை இந்த மருத்துவமனையின் இரண்டாம் தளத்தில், பச்சை வண்ண நெகிழி நாற்காலியில் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது. பக்கத்தில் அல்லி. என் தங்கை குமுதவல்லியின் மகள், பன்னிரண்டு வயது, ஆறு ஆண்டுகளாக என்னிடம் வளர்கிறவள். அவள் தந்தை மஸ்கட்டில் பணியாற்றுகிறார், ஆண்டுக்கு ஒருமுறை வருவார். வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துக்கொண்டு, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை அவளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் நடக்காமல், ஓடாமல், எதையும் உண்ணாமல் உட்கார்ந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அதன் பின் மீண்டும் இரத்தம். அதன் பின் மாசிலாமணிக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டர் செலின் எங்களை உள்ளே அழைத்து, சென்ற மாதம் அனுப்பிய மரபணுச் சோதனையின் முடிவைச் சொல்வார். குமுதாவைக் கொண்டுபோனது இவளுக்குள்ளும் இருக்கிறதா, இல்லையா. இதைத் தவிர இன்றைக்கு எனக்கு வேறு வினா கிடையாது. ஆனால் மனம் ஒரு வினாவில் நிற்கிற பொருளாக இல்லை.

"பெரியம்மா, இருபது குலாப்ஜாமூனோட ஜீராவ மட்டும் தனியா குடிச்ச மாதிரி இருக்கு. எச்சில்கூட இனிக்குது." வாயைத் துடைத்துக்கொள் என்றேன். "துடைச்சா கையும் இனிக்கும்." இரண்டு இருக்கைகள் தள்ளி அமர்ந்திருந்த ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரப் பெண் சிரித்தாள், அவளும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கக் கைக்குட்டையை மூக்கருகே பிடித்திருந்தாள். அல்லி அவளிடம் குனிந்து, "அக்கா, மூக்கால மூச்சு விடாதீங்க, வாயால விடுங்க, வாந்தி வராது" என்று அறிவுரை சொன்னாள். யார் சொல்லிக்கொடுத்தது இவளுக்கு? ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். இவளாகக் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவிக்கிறாள். குமுதாவும் இப்படித்தான், காய்ச்சலில் கிடக்கும்போதுகூடப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கஷாயம் சொல்வாள். அந்தக் குணம் எந்தக் குரோமோசோமில் இருக்கிறதோ, அதை யாராவது தேடினார்களா? தேடமாட்டார்கள். நோய் தருவதைத்தான் தேடுவார்கள், தேட வேண்டியதும் அதுதான். அல்லியின் கழுத்தைப் பார்க்கிறேன். பார்க்கக்கூடாது என்று இன்று காலையில்தான் முடிவு செய்தேன். சட்டைக் காலருக்கு மேலே, பின்னலுக்குக் கீழே, தோல் வெறும் மாநிறமாக இருக்கிறதா, அல்லது வெல்வெட்டுத் துணியை ஒட்டியதுபோல் ஒரு கருமை எழுகிறதா? வெளிச்சம் போதவில்லை. குமுதாவின் கழுத்தில் பதினான்கு வயதில் அந்தக் கருமை வந்தது. அழுக்கென்று எண்ணி அம்மா பயத்தமாவும் பீர்க்கங்கூடுமாகச் சனிக்கிழமைதோறும் தேய்ப்பாள், தோல் சிவந்து எரியும், கருமை போகாது. "குளிக்கிறாளா இல்ல தண்ணியக் காட்டிட்டு வர்றாளா" என்பாள். அது அழுக்கன்று, உடலுக்குள் இன்சுலின் அளவுக்கு மீறிப் பெருகிக்கிடப்பதைத் தோல் வெளியே எழுதிக் காட்டுவது. வாரந்தோறும் ஓர் அறிவிப்புப் பலகையைத் தேய்த்துக் கழுவியிருக்கிறோம்.

அறிவிப்பு கழுத்தில் மட்டுமா இருந்தது? கையில் இருந்ததே, எங்கள் குடும்பமே பெருமை பேசிய கையில். தந்தை இரயில் பெட்டிப் பணிமனையில் கொல்லுலைப் பிரிவில் இருந்தார். அவர் முன்கையில் நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருக்கும், தோலுக்கும் தசைக்கும் நடுவே ஒரு தாள் அளவுகூடச் சதை இருக்காது. சுத்தியல் பிடித்ததால் வந்த கை என்று உடன் பணியாற்றியவர்கள் சொன்னார்கள், அவரும் நம்பினார். ஆனால் சுத்தியலே பிடிக்காத குமுதாவுக்குப் பெரியவளானதும் அதே கை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுவரை மற்றப் பெண்குழந்தைகளைப் போல உருண்டிருந்த கையும் காலும், யாரோ உள்ளிருந்து வாரி எடுத்துக்கொண்டதுபோல் வற்றி, கெண்டைக்கால் உருண்டு திரண்டு, ஓட்டக்காரியின் உடல்போல் ஆயிற்று. முகமும் கழுத்தும் மட்டும் நிறைந்திருந்தன. தந்தை அவள் மணிக்கட்டைப் பிடித்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். "பாத்தியளா, எங் கை. பொம்பளப் புள்ளைக்கு வந்திருக்கு." எங்கள் வீட்டில் அதை 'நம்ம கை' என்றே சொன்னோம். மாசிலாமணிக்கு நம்ம கை. குமுதாவுக்கு நம்ம கை. எனக்கு அம்மாவின் கை, மெத்தென்று, மூட்டு தெரியாமல். என் கையைத் தந்தை யாருக்கும் காட்டியதில்லை. பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தில் மூத்த பெண்மணி, "பெரிய பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, சின்னது நல்ல உழைக்கிற உடம்பு" என்று என் காதுபடச் சொல்லிவிட்டு எழுந்துபோனாள். நான் மணம் செய்துகொள்ளவில்லை, அதற்காக வருந்தியதுமில்லை, வகுப்பறை எனக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அதுவன்று மனத்தில் நிற்பது. நெய். சாப்பாட்டுத் தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு அம்மா நெய்க் கிண்ணத்தோடு வருவாள், என் தட்டைத் தாண்டிப் போவாள். "உனக்கு வேணாம்டி, நீ ஏற்கெனவே..." என்று சொல்லி முடிக்காமல். குமுதாவின் தட்டில் பருப்புச் சோறு நெய்யில் மிதக்கும். "குச்சியாட்டம் கை கால், புள்ள காஞ்சு கெடக்கு, ஊத்து, ஊத்து." அவளுக்குத் தெவிட்டும். கண்ணில் நீர் வரும். அம்மா நின்று ஊட்டிவிட்டுப் போவாள். கொடுக்கப்பட்ட நெய் எங்கே போயிற்று? கையில் தங்கவில்லை. காலில் தங்கவில்லை. எங்கே போயிற்று?

எங்கே போயிற்று என்பதைத்தான் நான் டாக்டர் செலினிடம் கேட்டேன். மாசிலாமணி சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ள நான் ஆள் இல்லை. மறு வாரமே அவனுடைய மருத்துவரிடம் போய், எழுதுகோலும் தாளும் எடுத்து அவர் மேசைமேல் வைத்து, படம் வரைந்து சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைவிட முப்பது வயது இளையவர். "டீச்சர்கிட்ட மார்க் வாங்கணும் போல இருக்கே" என்று சொல்லிக்கொண்டு வரைந்தார். உயிரணு. அதன் நடுவே உட்கரு. உட்கருவின் சுவரை உள்ளிருந்து தாங்குகிற மெல்லிய வலைச்சட்டம் ஒன்று, அது நான் நடத்திய பாடநூலில் இல்லாதது. அந்தச் சட்டத்தை நெய்யும் புரதத்துக்கான குறிப்பு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. முந்நூறு கோடி எழுத்துகளில் எழுதப்பட்ட அந்தப் பெருநூலில், எங்கள் தந்தையின் படியில், ஒரே ஓர் எழுத்து வேறு. "ஒண்ணுதானா?" என்றேன். "ஒண்ணேதான் டீச்சர்." அந்த ஒன்றால் என்ன நிகழ்கிறது? பருவமடையும் நாள்வரை ஒன்றும் நிகழ்வதில்லை. அது காத்திருக்கிறது. பிறகு, கைகால்களில் தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேமித்து வைக்கும் உயிரணுக்கள் நிலைகொள்ளாமல் மறைகின்றன. உண்டது தங்க இடமில்லை. இடமில்லாத கொழுப்பு கல்லீரலுக்குள் போகிறது, தசைக்குள் போகிறது, இரத்தத்தில் மிதக்கிறது; அது அடைத்துக்கொண்ட உயிரணுக்களின் வாசலில் இன்சுலின் வந்து தட்டுகிறது, அவை திறப்பதில்லை; கணையம் இன்னும் இன்னும் சுரக்கிறது, தட்டல் கூடுகிறது, திறப்பதில்லை; ஒருநாள் கணையம் களைத்துப்போகிறது, சர்க்கரை ஏறுகிறது. "மாசிலாமணி சாருக்கு ஊசியில எத்தனை யூனிட் ஏத்தினாலும் இறங்காததுக்கு இதுதான் காரணம். அவர் திருட்டுத்தனமா சாப்பிடுறார்னு முன்ன பாத்த டாக்டருங்கல்லாம் திட்டியிருக்காங்க. நான் அவர் கையப் பாத்தேன், முகத்தப் பாத்தேன், குடும்பத்துல வேற யாருக்கு இந்தக் கைன்னு கேட்டேன்." நான் கேட்டேன்: உடல் முழுதும் உள்ள உயிரணுக்கள் எல்லாவற்றிலும் அதே எழுத்து மாறியிருக்க, கைகால் மட்டும் வற்றுவானேன், முகமும் கழுத்தும் நிறைவானேன்? அவர் எழுதுகோலை வைத்தார். "அது முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது டீச்சர்." அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் போட்டேன். பேருந்தில் திரும்பும்போது, காவிரிப் பாலத்தில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, என் மேற்கையை முந்தானைக்குள் அழுத்திப் பார்த்தேன். அறுபத்திரண்டு வயதுவரை நான் மறைத்து வைத்த சதை. இது ஒரு கிடங்கு, இது உயிர்காக்கும் உறுப்பு. நான் உண்ட ஒவ்வொரு கவளத்தின் மிச்சத்தையும் வாங்கி, ஓசைப்படாமல் அடுக்கி, இரத்தத்தைத் தெளிவாக வைத்திருந்த ஊழியம் இதற்குள் நடந்திருக்கிறது. இதை நான் நீளக்கை ரவிக்கை தைத்து மூடினேன். எனக்கு அந்த எழுத்து வரவில்லை என்று சோதனையும் சொல்லிவிட்டது. பூவா தலையா என்று மும்முறை சுண்டியதில் ஒருமுறை மட்டும் புறம் மாறி விழுந்திருக்கிறது, அது நான். ஏன் நான்? ஏன் அவள் இல்லை? இந்தக் கேள்வியில் மனம் முள்ளில் சேலைபோல் மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழியும்.

குமுதாவுக்கு மணமாகிப் பதினொரு ஆண்டுகள் குழந்தையில்லை. அதுவும் அந்த எழுத்தின் வேலையாக இருக்கலாம் என்கிறார் செலின். முப்பத்தெட்டு வயதில் அல்லி பிறந்தபோது வீடே அவளைத் தாங்கியது. எப்படித் தாங்கியது? பிரசவ லேகியம், நல்லெண்ணெயில் கிண்டி, நெய் விட்டு, கருப்பட்டி சேர்த்து. பூண்டை நெய்யில் வதக்கி. "இந்தக் குச்சிக் கையோட எப்படிப் புள்ளயத் தூக்குவ" என்று அம்மா தள்ளாத வயதிலும் எழுந்து வந்து ஊட்டினாள். குமுதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்காருவாள். வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், பெருங்காயம் கரைத்துக் கொடுத்தார்கள், தேறியதும் மறுபடி லேகியம். அன்பில் ஒரு குறையும் இல்லை. இதை எழுத்துக்கு எழுத்து உறுதியாகச் சொல்வேன்: அந்தக் கிண்ணத்தில் அன்பு தவிர வேறில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அல்லிக்கு ஆறு வயதானபோது, தீபாவளிக்கு மறுநாள், அந்த வலி முதுகு வரை பாய்ந்து, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தம் எடுத்த செவிலிப் பெண் ஊசிக்குழலைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். சிறிது நேரம் நிறுத்திவைத்த குழாயில், கீழே சிவப்பும், மேலே கெட்டிப் பாலும். நான் பார்த்தேன். பால் என்றே நினைத்தேன், ஏதோ மருந்து கலந்திருக்கிறார்கள் என்று. அத்தனை ஆண்டுகள் ஊற்றிய நெய்தான் அங்கே நின்றது. கணையம் தன்னைத்தானே செரித்துக்கொண்டிருக்கிறது என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். நான்கு நாள்கள். கடைசி மாலையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உங் கை எவ்வளவு மெத்துன்னு இருக்கு" என்றாள். வேறு பெரிய சொல் எதுவும் சொல்லவில்லை.

கைப்பேசி அதிர்கிறது. மாசிலாமணி. "என்னக்கா, ஆச்சா?" இன்னும் இல்லை என்றேன். "ஆளு எங்க?" தூங்குகிறாள் என்றேன். அல்லி கணக்குப் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, என் மேற்கையில் கன்னத்தை அழுத்தி, வாயைச் சற்றே திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒருவேள இருக்குன்னு சொன்னா, நீ டீச்சர் மூஞ்சிய வச்சுக்காத. புள்ள பயந்துரும்." டீச்சர் மூஞ்சி என்றால் என்னவென்று கேட்டேன். "இப்பக் கேக்குறியே, அந்த மூஞ்சி." சிரித்தான், சிரிப்பு சட்டென்று அறுந்தது. "எனக்கு முப்பத்தோரு வயசுல வந்துச்சு, அம்பத்தாறுலதான் என்னன்னு தெரிஞ்சுது. இதுக்குப் பன்னெண்டுல தெரியப்போவுது. அதயும் கணக்குல வச்சுக்க." வைத்துவிட்டான். அல்லியின் மூச்சு என் கையில் சூடாகப் படுகிறது. இந்த நொடியில் அவளுக்குள் என்ன நடக்கிறது? குடித்த சர்க்கரை குடல் தாண்டி இரத்தத்தில் இறங்கியிருக்கும். கணையத்தில் சிறுசிறு தீவுகள் விழித்திருக்கும். கோடிக்கணக்கான வாசல்களில் தட்டல் கேட்டிருக்கும். எத்தனை திறந்தன? அவள் தூங்குகிறாள், அது தன் போக்கில் நடக்கிறது. எனக்குத் தெரியாத யாரோ ஒருவர், எந்த ஊரோ, எந்த நூற்றாண்டோ, அவருடைய கருவில் ஓர் எழுத்து பிறழ்ந்தது. அவர் மக்கள் அதைப் பிழையறியாமல் படியெடுத்தார்கள். பஞ்சத்தில் பிழைத்தவர்கள், கப்பலேறியவர்கள், கொல்லுலையில் நின்றவர் என்று ஒவ்வோர் உடலும் அதைச் சிறிதும் சிதையாமல் அடுத்த உடலிடம் ஒப்படைத்திருக்கிறது. என் மாணவியர் நாற்பது பேரைக் கரும்பலகையில் இருந்து ஒரு வரி பார்த்தெழுதச் சொன்னால் நாற்பது வகையாக எழுதுவார்கள். இத்தனை தலைமுறையாக ஒரு கை நழுவவில்லை. அழிக்கிறதே என்று சினக்க வேண்டியவள் நான், ஆனால் என் நெஞ்சில் எழுந்தது சினமன்று. ஒரு பெருங்கோயிலின் உள்ளே தலை நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்து வலிப்பதை மறந்துவிடுவோமே, அதுபோல் இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. பிள்ளை இங்கே உட்கார்ந்திருக்க, நான் வியந்துகொண்டிருக்கிறேன்.

பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அல்லி எழுந்து, கண்ணைக் கசக்கி, "பரீட்சை முடிஞ்சுதா" என்று கேட்டுக்கொண்டே போய் இரத்தம் கொடுத்தாள். பஞ்சை முழங்கை மடிப்பில் அழுத்திப் பிடித்தபடி டாக்டர் செலினின் அறையில் என் பக்கத்தில் அமர்ந்தாள். செலின் சுற்றி வளைக்கவில்லை, அதற்காக அவரை நான் மதிக்கிறேன். "அல்லி, உங்கிட்டயே சொல்றேன். மாமாவுக்கு இருக்கிற அந்த மாற்றம் உனக்கும் இருக்கு." என் முகம் எந்த மூஞ்சியாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் பேசிக்கொண்டே போனார்: சர்க்கரை இன்னும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார், இன்றைய முடிவு மாலையில் வரும், எண்ணெயும் நெய்யும் அளந்து, மிகக் குறைவாக, நன்றாக ஓடி விளையாடலாம், விளையாடத்தான் வேண்டும், ஆண்டுதோறும் இரத்தத்தில் கொழுப்பு பார்க்க வேண்டும், அவள் அம்மாவுக்கு நேர்ந்தது இவளுக்கு நேராமல் தடுக்க வழி இருக்கிறது, ஏனென்றால் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. நான் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தேன். அல்லி அசைக்கவில்லை. பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "மாமாகிட்டேர்ந்து எப்படி டாக்டர் எனக்கு வரும்?" "மாமாகிட்டேர்ந்து இல்லம்மா. தாத்தாகிட்டேர்ந்து மாமாவுக்கும் உங்க அம்மாவுக்கும் தனித்தனியா வந்துச்சு. அம்மாகிட்டேர்ந்து உனக்கு." "அம்மாகிட்ட இருந்த மாதிரியேவா, இல்ல, அம்மாகிட்ட இருந்ததேவா?" செலின் ஒரு கணம் அவளைப் பார்த்தார். "அம்மாகிட்ட இருந்ததேதான். அதைப் பாத்து அப்படியே எழுதினது." அல்லி மெதுவாக மூச்சை விட்டாள். அவள் முகத்தில் நான் அஞ்சிக் காத்திருந்த எதுவும் இல்லை. தொலைந்ததாக எல்லாரும் சொன்ன ஒன்று தன் பையிலேயே இருப்பதைக் கண்டவளின் முகம் அது. ஆறு ஆண்டுகளாக இந்தப் பிள்ளை என்னிடம் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மா குரல் எப்படியிருக்கும், அம்மா எந்தப் பக்கம் வகிடெடுப்பாள், நான் கூப்பிட்டால் என்னவென்று பதில் சொல்வாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன், போதவில்லை, போதாது என்றும் தெரியும். இப்போது அவள் செலினை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, இது மட்டுந்தானா? அம்மாகிட்டேர்ந்து எனக்கு வேற எதுவும் வந்திருக்கா? மொத்தமா எவ்வளவு வந்திருக்கு?" முப்பத்தைந்து ஆண்டுகள் ஒவ்வொரு வகுப்பிலும் நான் கரும்பலகையில் எழுதிய விடை அது, எழுதிவிட்டுச் சுண்ணக்கட்டியைத் தட்டிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன், ஒருமுறையும் நின்று அதைப் பார்த்ததில்லை. எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட குமுதாவில் இவளிடம் திரும்ப வந்து சேர்ந்திருப்பது எவ்வளவு என்று நான் என் தங்கையின் மகளுக்குச் சொன்னேன்: சரிபாதி.